ராக்கெட் திரும்பி வந்தால் பாடாங் செராய்க்கு என்ன?

14 நவம்பர் 2025, காலை

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாடாங் செராய்க்குப் பக்கத்து லூனாஸ் வாசகர் ஒருவர் கேட்டது:

"இன்று விடியற்காலையில் இன்னொரு கோடீசுவரரின் ராக்கெட்டும் கடலில் வந்து நின்றுவிட்டதாம். என் மகன் தூங்காமல் விழித்திருந்து பார்த்தான். பணம் படைத்தவர்கள் வாணவேடிக்கை விடுகிறார்கள், நாம் கை தட்டுகிறோம். தோட்டங்களை வெட்டி வீட்டுமனை போடுகிற ஊரில் இருந்துகொண்டு இதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? தெரிந்தவர்கள் விளங்கச் சொல்லுங்கள்."

14 நவம்பர், இரவு

பேச நிறைய இருக்கிறது. மகனைத் திட்டாதீர்கள்.

நடந்தது இதுதான். நியூ கிளென் என்பது அமேசானைத் தொடங்கிய ஜெப் பெசோசின் புளூ ஆரிஜின் நிறுவனத்து ராக்கெட். 98 மீட்டர் உயரம், அடியில் ஏழு எஞ்சின்கள், எரிபொருள் மீத்தேன். நம் நேரப்படி காலை ஐந்து மணியை ஒட்டிப் புளோரிடாவிலிருந்து கிளம்பியது. செவ்வாய்க்குப் போகவேண்டிய நாசாவின் இரண்டு சிறு விண்கலங்களை மேல்கட்டம் சுமந்து போக, கீழ்க்கட்டம் அட்லாண்டிக் கடலில் காத்திருந்த ஜாக்லின் என்ற மிதவையின்மேல் நிமிர்ந்தபடி இறங்கியது. ஜாக்லின் என்பது பெசோசின் தாயார் பெயர். ஜனவரியில் நடந்த முதல் பறப்பில் கீழ்க்கட்டம் கடலோடு போயிற்று. இது இரண்டாவது பறப்பு.

கோடீசுவரர் என்றீர்கள், சரி. வாணவேடிக்கை என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. வாணம் கீழே வந்தால் குப்பை. இது கீழே வந்தும் சரக்காகவே இருக்கிறது.

நான் விஞ்ஞானி இல்லை. செம்பனை ஆலையில் பாய்லர் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நெருப்பு, அழுத்தம், குழாய், பரிசோதகர் ஆகிய நான்கையும் பற்றி மட்டும் கொஞ்சம் வாய் திறக்கலாம்.

15 நவம்பர்

கூலிமிலிருந்து ஒருவர் நறுக்கென்று எழுதியிருக்கிறார்: "திரும்பி வருவது புதிதா? அமெரிக்க விண்ணோடம் (ஸ்பேஸ் ஷட்டில்) 1981-லேயே திரும்பி வந்ததே."

வந்தது. 2011 வரை 135 முறை பறந்தது. அதனால்தான் இந்த விஷயத்தையே எடுத்தேன். திரும்பி வருவது பாதி வேலை. மறுபடி கிளம்ப எத்தனை நாள், எத்தனை ஆள் என்பதுதான் மீதிப் பாதி. அந்தப் பாதியில்தான் விண்ணோடம் தோற்றது.

என் பக்கத்து அனுபவத்தைச் சொல்கிறேன். ஆலை பாய்லர் ஒவ்வொரு நாளும் எரிகிறது, அடுத்த நாளும் எரிகிறது. அதை யாரும் அதிசயமாகப் பேசுவதில்லை. ஆனால் தகுதிச் சான்றிதழ் புதுப்பிக்கும் காலம் வந்தால் நிலைமை வேறு. நெருப்பை அணைத்து ஆற விட வேண்டும். ஆள்துளை மூடியைக் கழற்றினால் உள்ளே இன்னும் வெக்கை முகத்தில் அடிக்கும். ஒல்லியான ஆளாகப் பார்த்து (அந்தக் காலத்தில் அது நான்) கையில் விளக்கும் கம்பித் தூரிகையுமாக டிரம்முக்குள் தவழ விடுவார்கள். குழாய் வாய்களில் படிந்த காறையைச் சுரண்ட வேண்டும். பிறகு பரிசோதகர் சிறிய சுத்தியலால் தட்டித் தட்டிக் கேட்பார். அதன்பின் தண்ணீர் நிரப்பி அழுத்தச் சோதனை. ஒரு குழாய் கசிந்தால் மறுபடி முதலிலிருந்து. இத்தனை நாளும் வெளியே பழம் ஏற்றிய லாரிகள் வரிசையில் நிற்கும். பழம் காத்திருக்காது, அமிலம் ஏறும், எண்ணெயின் தரம் இறங்கும். பாய்லர் விலையைப் பற்றி மேலாளர் பேசி நான் கேட்டதில்லை. அது திறந்து கிடக்கும் நாள்களைப் பற்றித்தான் கத்துவார்.

விண்ணோடத்தின் உடம்பில் வெப்பம் தாங்கும் ஓடுகள் 24,000-க்கும் மேல். ஒவ்வொன்றும் தனி அளவு, தனி வளைவு. ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். எஞ்சின்களைக் கழற்றிப் பிரிக்க வேண்டும். வெளியிலிருந்த பெரிய எரிபொருள் தொட்டி ஒவ்வொரு தடவையும் எரிந்து வீணானது. இருபக்கத் துணை ராக்கெட்டுகளைக் கடலிலிருந்து கப்பல் வைத்து இழுத்து வந்தார்கள். ஒரே ஓடம் இரண்டு ஏவுதல்களுக்கு இடையே எடுத்துக்கொண்ட மிகக் குறைந்த காலம் 54 நாள். 1985-இல் அட்லாண்டிஸ் ஓடம் செய்தது. அதற்கு இரண்டு மாதம் கழித்து, 1986 ஜனவரி 28-இல் சேலஞ்சர் வெடித்தது. அந்த வேகத்துக்கு மறுபடி யாரும் ஆசைப்படவில்லை.

இப்போது ஈலோன் மஸ்க்கின் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்து ராக்கெட்டான பால்கன் 9-ஐப் பாருங்கள். இந்த ஆண்டு மார்ச்சில் அதன் ஒரே கீழ்க்கட்டம் 9 நாள் இடைவெளியில் இரண்டு முறை பறந்தது. ஒரு கட்டம் 30 பறப்பைத் தாண்டிவிட்டது. ஆள் ஏறும் ஓடத்தையும் ஆள் இல்லாத கீழ்க்கட்டத்தையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது என்பது தெரியும். ஆனாலும் 54-க்கும் 9-க்கும் உள்ள தூரம் சின்னதில்லை.

15 நவம்பர், சற்று நேரம் கழித்து

படத்தில் பழைய கட்டங்கள் ஏன் கரிக்கட்டையாக இருக்கின்றன, கழுவ மாட்டார்களா என்று ஒருவர். தேவையான இடத்தை மட்டும் துடைக்கிறார்கள். அது மண்ணெண்ணெய்க் கரி. எஞ்சினை எதிர்த்திசையில் எரித்துக்கொண்டே இறங்குவதால் அந்தப் புகைக்குள்ளேயே புகுந்து வருகிறது. வெள்ளையடித்துக்கொண்டிருந்தால் 9 நாளில் போக முடியாது. எங்கள் ஆலையிலும் பெரிய மனிதர்கள் பார்வையிட வந்தால்தான் பெயிண்ட்.

16 நவம்பர்

"முதலில் இறக்கியது பெசோஸ்தான், நீங்கள் மஸ்க்குக்கே பாட்டுப் பாடுகிறீர்கள்" என்று ஒரு குற்றச்சாட்டு.

2015 நவம்பர் 23-இல் புளூ ஆரிஜினின் நியூ ஷெப்பர்ட் 100 கிலோமீட்டர் தொட்டுவிட்டு நின்றபடி இறங்கியது உண்மை. பால்கன் 9 இறங்கியது அதற்கு அடுத்த மாதம். ஆனால் உயரம் வேறு, வேகம் வேறு. நேரே மேலே போய் நேரே கீழே வருவது ஒன்று. பூமியைச் சுற்றி நிற்க வினாடிக்குக் கிட்டத்தட்ட 7.8 கிலோமீட்டர் பக்கவாட்டு வேகம் வேண்டும். அந்த வேகத்தைத் தொடங்கிவைத்த கட்டம் வானில் பல்டியடித்து, காற்று மண்டலத்தில் நுழையும்போது எஞ்சினைத் திரும்ப எரித்து வேகத்தைக் குறைத்து, கடைசி நொடிகளில் மறுபடி எரித்து நிற்க வேண்டும். பக்கத்தில் சல்லடைபோல நிற்கும் நான்கு துடுப்புகளை முதலில் அலுமினியத்தில் செய்தார்கள், தீய்ந்தது. 2017 முதல் டைட்டானியத்துக்கு மாறினார்கள்.

முதல் பரிசு யாருக்கு என்றே பார்த்தால் இருவருக்கும் இல்லை. 1993-இல் மெக்டொனல் டக்ளசின் டிசி-எக்ஸ் என்ற சோதனைக் கலம் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் எழும்பி, நகர்ந்து, நின்றபடி இறங்கியிருக்கிறது. பணம் நின்றது, கதை நின்றது.

18 நவம்பர்

காசு விஷயம். இதில் பலரும் மயங்குகிறார்கள்.

"மறுபடி பயன்படுத்தினால் மலிவாகிவிடும்" என்று எல்லாரும் சொல்லி வந்தார்கள். பால்கன் 9-இன் அறிவித்த விலை 2016 வாக்கில் 62 மில்லியன் டாலர். 2022-இல் 67 மில்லியன். பிறகு 70 மில்லியனை ஒட்டி வந்துவிட்டது. ஏறியிருக்கிறது! நிறுவனத்துக்கு அடக்கவிலை இறங்கியது, வாடிக்கையாளருக்கு விலை இறங்கவில்லை. போட்டி இல்லாத இடத்தில் எந்த வியாபாரி தானாகக் குறைப்பான்? ஆகவே நேற்று முன்தினம் என்மேல் பழி போட்டவருக்குச் சொல்கிறேன்: நியூ கிளென் மிதவையில் நின்றதில் எனக்கு மகிழ்ச்சி உண்டு, காரணம் இதுதான்.

மிச்சமான காசு போன இடம் ஸ்டார்லிங்க், அதாவது ஸ்பேஸ்எக்ஸின் செயற்கைக்கோள் இணையச் சேவை. 2024-இல் ஸ்பேஸ்எக்ஸ் பால்கன் வகை ராக்கெட்டுகளை 134 முறை ஏவியது. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தன் சொந்தச் செயற்கைக்கோள்களுக்கு.

சிறியவர்களுக்கு ஒரு வழி திறந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2019-இல் 200 கிலோ செயற்கைக்கோளுக்கு 1 மில்லியன் டாலர் என்று, பலர் ஒரே ராக்கெட்டைப் பகிர்ந்துகொள்ளும் பங்குப் பயணம் அறிவித்தார்கள். 2021 ஜனவரியில் ஒரே ராக்கெட்டில் 143 செயற்கைக்கோள்கள் போயின. இந்த ஆண்டு ஜனவரியில் அப்படி ஒரு பங்குப் பயணத்தில்தான் நம் நாட்டுத் தனியார் செயற்கைக்கோள் உஸ்மாசாட்-1 மேலே போனது.

18 நவம்பர்

விமானத்தை ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் கடலில் தள்ளுவதுபோல என்ற உவமையை இன்று மட்டும் இரண்டு பேர் அனுப்பியிருக்கிறீர்கள். விட்டுவிடுங்கள். உலகம் முழுக்கத் தேய்ந்துவிட்டது.

20 நவம்பர்

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் இதைச் சொல்லாமல் விட மனமில்லை. ஸ்பேஸ்எக்ஸ் சுற்றுப்பாதைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த முதல் வாடிக்கையாளர் செயற்கைக்கோள் யாருடையது? மலேசியாவினுடையது.

அப்போது அவர்களிடம் இருந்தது பால்கன் 1 என்ற சின்ன ராக்கெட். பசிபிக்கில் மார்ஷல் தீவுகளைச் சேர்ந்த குவாஜலின் பவளத்தீவுக் கூட்டத்தில் ஒமெலெக் என்ற துண்டு நிலத்திலிருந்து ஏவினார்கள். முதல் மூன்றும் தோல்வி. நான்காவது, 2008 செப்டம்பர் 28-இல் வெற்றி, ஆனால் உள்ளே இருந்தது வெறும் எடை. ஐந்தாவதில் நம் ரசாக்சாட், 2009 ஜூலை 14. அந்த ஏப்ரலிலேயே போயிருக்க வேண்டியது. ராக்கெட்டின் அதிர்வு செயற்கைக்கோளைப் பாதிக்குமோ என்று தள்ளிவைத்து, நடுவில் அதிர்வு தாங்கும் அமைப்பு ஒன்றை வைத்துத்தான் அனுப்பினார்கள். அதோடு பால்கன் 1 ஓய்வு பெற்றது.

ரசாக்சாட் 180 கிலோ. 2.5 மீட்டர் நுணுக்கத்தில் படம் எடுக்கும் கேமரா. இதில் எனக்குப் பிடித்தது அதன் பாதை. மற்ற நாட்டுப் படச் செயற்கைக்கோள்கள் துருவம் வழியாகச் சுற்றும். நம் தலைக்குமேல் எப்போதாவது வரும், வரும்போது மேகம் மூடியிருக்கும். நம் வானத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே ரசாக்சாட்டை நிலநடுக்கோட்டை ஒட்டிய, 9 பாகை மட்டும் சாய்ந்த பாதையில் விட்டார்கள். ஒரு நாளில் பல தடவை நம்மைக் கடக்கும், மேகம் விலகும் இடைவெளியைப் பிடிக்கும். யோசனை அருமை. ஓராண்டு அளவில் கருவி படுத்துவிட்டது. 2011-இல் தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கையில் வந்தபோது எல்லாரும் 142 மில்லியன் ரிங்கிட் என்று வயிறெரிந்தோம். மேலே கொண்டுபோன ராக்கெட்டை யாரும் பேசவில்லை. அதைச் செய்தவர்கள் இன்று உலகத்தில் பாதிக்கு மேல் ஏவுகிறார்கள்.

20 நவம்பர், இரவு

இன்னொரு சில்லறைச் செய்தி. 2000 செப்டம்பரில் நம் முதல் சிறு செயற்கைக்கோள் தியுங்சாட்-1 பைக்கோனூரிலிருந்து நீப்பர் ராக்கெட்டில் போனது. நீப்பர் என்பது ரஷ்யர்களின் பழைய அணு ஏவுகணையை மாற்றிச் செய்தது. அதற்கு ஓரிரு ஆண்டு கழித்து மஸ்க் பழைய ஏவுகணை வாங்க மாஸ்கோ போய்ப் பேரம் படியாமல் திரும்பி, தானே கட்டுகிறேன் என்று கிளம்பினார். பேரம் படிந்திருந்தால் இந்த இழையே இல்லை.

23 நவம்பர்

"தனியார் சாதித்தார்கள், அரசாங்கத்தால் முடியவில்லை" என்று கம்பி கட்டுகிறவர்களுக்கு.

2008 டிசம்பரில் ஸ்பேஸ்எக்ஸ் திவாலாகும் நிலையில் இருந்தது. கைதூக்கிவிட்டது நாசா: 12 சரக்குப் பயணங்களுக்கு 1.6 பில்லியன் டாலர் ஒப்பந்தம். அதற்கு முன் 2006-இலிருந்தே வளர்ச்சிப் பணம் கொடுத்து வந்தது. வரிப்பணம்தான். மாறியது கொடுத்த முறை. முன்பெல்லாம் எவ்வளவு செலவானாலும் சேர்த்துக் கொடுத்து லாபமும் கொடுப்பார்கள். இப்போது விலையை முன்கூட்டியே நிர்ணயித்து, வேலையை முடித்த படிக்குப் படி பணம்.

அந்த முறையும் மந்திரம் இல்லை. 2014-இல் ஆளேற்றும் கலத்துக்கு போயிங்குக்கு 4.2 பில்லியன், ஸ்பேஸ்எக்ஸுக்கு 2.6 பில்லியன். குறைவாக வாங்கியவர்கள் 2020 மே 30-இல் வீரர்களை ஏற்றினார்கள். அதிகம் வாங்கிய போயிங்கின் கலத்தில் 2024 ஜூனில் போன சுனிதா வில்லியம்சும் புட்ச் வில்மோரும் அடுத்த மார்ச்சில் ஸ்பேஸ்எக்ஸ் கலத்தில்தான் வீடு திரும்பினார்கள். இரண்டும் தனியார்தான்.

ஒருவரையே நம்பியிருப்பதன் ஆபத்தும் தெரிந்துவிட்டது. இந்த ஆண்டு ஜூன் தொடக்கத்தில் டிரம்புக்கும் மஸ்க்குக்கும் சண்டை முற்றியபோது, ஸ்பேஸ்எக்ஸின் ஆளேற்றும் டிராகன் கலத்தையே நிறுத்திவிடுவேன் என்று மஸ்க் எழுதினார். சில மணி நேரத்தில் வாபஸ் வாங்கினார். அமெரிக்கர்கள் சொந்தக் கலத்தில் விண்வெளி நிலையத்துக்குப் போகிற வழி அந்தச் சில மணி நேரம் ஒரு மனிதரின் கோபத்தில் தொங்கியது.

24 நவம்பர்

நம் விண்வெளி வீரர் கதையை யாரோ இழுத்தார்கள். ஷேக் முஸாபார் 2007 அக்டோபர் 10-இல் ரஷ்யாவின் சோயூஸ் கலத்தில் போனார். 18 சுகோய் போர் விமானங்கள் வாங்கிய பேரத்தின் பகுதி அது. இறுதி நால்வரில் வனஜா என்ற நம் பெண்ணும் இருந்தார், எங்கள் வட்டாரத்தில் அப்போது பேச்சு அதுவாகத்தான் இருந்தது.

இந்த ஆண்டு ஜூன் 25-இல் இந்தியாவின் சுபான்ஷு சுக்லா போனதோ பால்கன் 9-இல், அதே கலத்தில் போலந்துக்காரர் ஒருவர், ஹங்கேரிக்காரர் ஒருவர். அந்தந்த நாடுகள் இருக்கைக்குப் பணம் கட்டின. போர் விமானம் வாங்காமலேயே போகலாம் என்று ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். அந்தக் காசுக்கு நம் நாட்டில் இன்னும் அவசரமான வேலைகள் உண்டு என்பது என் கட்சி.

27 நவம்பர்

மழை. இணையம் போய்ப் போய் வருகிறது. பொருத்தமான நாள், ஸ்டார்லிங்க் பற்றி எழுதலாம்.

நாங்கள் இருக்கும் குடியிருப்பில் கண்ணாடி இழைக் கம்பி பிரதான சாலையோடு நின்றுவிட்டது. தோட்டத்து உட்பகுதியில் இருக்கும் என் மைத்துனர் வீட்டுக்குச் செம்புக் கம்பி இருந்தது, திருடன் அறுத்துக்கொண்டு போனான், புகார் எண் மட்டும் பத்திரமாக இருக்கிறது. 2023 ஜூலையில் ஸ்டார்லிங்குக்கு இங்கே உரிமம் கிடைத்தபோது கருவி 2,300 ரிங்கிட், மாதம் 220 என்றார்கள். அந்த விலைக்கு மைத்துனர் சிரித்தார். பிறகு மகள் வீட்டிலிருந்தே வேலை என்று வந்து சேர்ந்ததும் சிரிப்பு நின்றது.

பொருத்த நானும் போயிருந்தேன். வெள்ளைப் பலகை ஒன்று, இரண்டு சாண் அகலம், மூன்று சாண் நீளம் இருக்கும், பின்னால் ஒரு கால். கூரையில் இருக்கும் பழைய தொலைக்காட்சித் தட்டைத் திருகித் திருகித் திசை பிடிக்கும் வேலை இதில் இல்லை. கற்றை உள்ளேயே மின்சாரத்தால் திரும்புகிறது. ஆனால் வானம் திறந்திருக்க வேண்டும். கைப்பேசியை மேலே பிடித்து வட்டமாக ஆட்டினால் வானத்தில் எங்கெங்கே மறைப்பு என்று சிவப்பில் காட்டுகிறது. காட்டியதெல்லாம் செம்பனை மட்டை. மரம் தோட்டத்துச் சொத்து, வெட்ட முடியாது. கடைசியில் தண்ணீர்த் தொட்டி நிறுத்திய இரும்புச் சட்டத்தின் உச்சியில் கட்டினோம். மகள் மடிக்கணினியைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். பெருமழையில் இப்போதும் சில நிமிடம் அறுகிறது.

இதற்கும் ராக்கெட் திரும்பி வருவதற்கும் என்ன சம்பந்தம்? பழைய தட்டு பார்ப்பது 35,786 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே இடத்தில் நிற்பதாகத் தெரியும் செயற்கைக்கோளை. படம் பார்க்க நல்லது. பேச்சு போய்ப் பதில் வர அரை வினாடி. ஸ்டார்லிங்க் 550 கிலோமீட்டர் அளவில் பறக்கிறது, தாமதம் தெரியாது, ஆனால் ஒவ்வொன்றும் சில நிமிடத்தில் தலையைக் கடந்துவிடும். எனவே ஆயிரக்கணக்கில் வேண்டும். இப்போது 8,000-க்கும் மேல். ஒவ்வொன்றின் ஆயுளும் ஐந்து ஆண்டு அளவு. அதாவது ஏவி முடித்தோம் என்ற நாளே வராது, ஏவிக்கொண்டே இருக்க வேண்டும். 1990-களில் டெலிடெசிக் என்ற நிறுவனம் இதே கனவை 840 செயற்கைக்கோளோடு தொடங்கி, பிறகு 288 ஆக்கி, 2002-இல் கைவிட்டது. பில் கேட்ஸ் பணம் போட்டிருந்தார். பணம் இருந்தது, தினமும் ஏவக்கூடிய ராக்கெட் இல்லை.

27 நவம்பர்

வானியல் ஆர்வலர்கள் கோபப்படும் முன்: தெரியும், நீங்கள் எடுக்கும் நட்சத்திரப் படங்களில் கோடு விழுகிறது. எரிந்து விழுபவை மேல்காற்றில் அலுமினிய ஆக்சைடைச் சேர்க்கின்றன என்ற கவலையும் ஆராய்ச்சியாளர்களிடம் இருக்கிறது. மைத்துனர் வீட்டு இணையத்தையும் இந்தக் கவலையையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் எனக்கு இன்னும் தீர்வு கிடைக்கவில்லை.

30 நவம்பர்

கூலிம் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டது நேர்மையான கேள்வி: "அண்ணன், நம் பிள்ளைகளுக்கு அதில் வேலை கிடைக்குமா?"

ஸ்பேஸ்எக்ஸில், கஷ்டம். ராக்கெட் தொழில்நுட்பம் அங்கே ஆயுதக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குள் வருகிறது. அமெரிக்கக் குடிமகனோ நிரந்தர வாசியோ அகதி உரிமை பெற்றவரோ இல்லாதவரைச் சேர்க்கத் தனி அனுமதி தேவை. மதிப்பெண் போதாது.

சென்னை இன்னும் பக்கம். சென்னை ஐஐடியில் பிறந்த அக்னிகுல் காஸ்மோஸ் 2024 மே 30-இல் ஸ்ரீஹரிகோட்டாவில் தன் சொந்த ஏவுதளத்திலிருந்து ஒரு சோதனை ராக்கெட்டை ஏவியது. எஞ்சின் முழுவதும் முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக வார்த்தது. தமிழ்நாட்டுக் கரையில் குலசேகரப்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு அதே ஆண்டு பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். இஸ்ரோவே 2024 நவம்பரில் தன் 4,700 கிலோ செயற்கைக்கோளைப் பால்கன் 9-இல் அனுப்பியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தன் பெரிய ராக்கெட்டுக்கு அந்த எடை கூடுதல்.

மறுபயன்பாடு வேலையைத் தின்னுமா என்பது தம்பி கேட்காத கேள்வி. 2018-இல் ஐரோப்பாவின் ராக்கெட் நிறுவனமான ஏரியான் குழுமத்தின் தலைவராக இருந்த அலென் ஷார்மோ ஒரு பேட்டியில் வெளிப்படையாகவே சொன்னார்: ஐரோப்பாவுக்கு ஆண்டுக்குப் பத்து ஏவுதல்தான், பத்து முறை பறக்கும் ராக்கெட்டைச் செய்தால் ஆண்டுக்கு ஒன்று கட்டினால் போதும், பிறகு தொழிலாளர்களிடம் அடுத்த வருடம் வாருங்கள் என்றா சொல்வது? அப்போது எல்லாரும் அவரைக் கேலி செய்தார்கள். நான் செய்யவில்லை. பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை வந்தபோது எத்தனை குடும்பங்கள் லயத்தைக் காலி செய்தன என்று பார்த்தவன் அந்தக் கவலையைக் கேலி செய்ய முடியாது.

ஆனால் அவர் போட்ட கணக்கில் பத்து என்ற எண் மாறாமல் நின்றது. ஸ்பேஸ்எக்ஸ் செய்தது அந்த எண்ணையே 134 ஆக்கியது. மேல்கட்டம் திரும்புவதில்லை, ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கட்ட வேண்டும், ஆகவே தொழிற்சாலையில் வேலை குறையவில்லை. ஐரோப்பாவோ 2023-இல் ஏரியான் 5 முடிகிற நேரத்தில், ஏரியான் 6 தயாராகாமல், தன் யூக்ளிட் தொலைநோக்கியைப் பால்கனில் அனுப்ப வேண்டியதாயிற்று. ஏரியான் 6-உம் திரும்பி வராத வகைதான்.

4 டிசம்பர்

சீனாவில் நேற்று தனியார் நிறுவனம் லேண்ட்ஸ்பேஸ் தன் சூச்சுவே-3 ராக்கெட்டை முதல்முறை ஏவியது. மேல்கட்டம் சுற்றுப்பாதைக்குப் போய்விட்டது. கீழ்க்கட்டம் இறங்கும் நேரத்தில் தீப்பிடித்துத் திடலுக்குப் பக்கத்தில் மோதியது. முதல் முயற்சியிலேயே திடல் ஓரம் வரை வந்ததைத்தான் நான் கவனிக்கிறேன். அடுத்த சில ஆண்டில் விலை குறைய வேண்டுமானால் இவர்களாலும் குறையும்.

சரவாக் நண்பர் உடனே பழைய காணொளியை அனுப்பிவிட்டார். 2022 ஜூலை இறுதியில் கூச்சிங் வானத்தில் துண்டு துண்டாக எரிந்துகொண்டு போனதே, அது சீன அரசின் லாங் மார்ச் 5பி. இருபது டன்னுக்கு மேற்பட்ட நடுக்கட்டம், எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாமல் சுற்றி வந்து விழுந்தது. ஒருமுறை பயன்படுத்தும் ராக்கெட் என்றால் என்ன என்பதை நம் நாட்டில் நேரில் பார்த்தவர்கள் அவர்கள்தான். ஸ்பேஸ்எக்ஸும் சுத்தம் இல்லை. இந்த பிப்ரவரியில் பால்கனின் மேல்கட்டத் துண்டுகள் போலந்தில் விழுந்தன. திரும்பி வருவது கீழ்ப்பாதி மட்டும். மேல்பாதியையும் மீட்கத்தான் ஸ்பேஸ்எக்ஸின் பெரிய ராக்கெட்டான ஸ்டார்ஷிப். 2024 அக்டோபர் 13-இல் அதன் கீழ்க்கட்டத்தை ஏவுகோபுரத்தின் இரண்டு இரும்புக் கைகளால் அந்தரத்தில் பிடித்தார்கள். மேல்கலத்தை இன்னும் பிடிக்கவில்லை. இந்த ஆண்டு ஜனவரியிலும் மார்ச்சிலும் அது கரீபியன் வானில் சிதறி விமானங்களைத் திசை திருப்ப வைத்தது.

7 டிசம்பர்

"நாம் நிலநடுக்கோட்டில் இருக்கிறோம், இயற்கை கொடுத்த வரம், பகாங்கில் ஏவுதளம் கட்டினால் கொட்டும்" என்று பேராக் வாசகர் உற்சாகமாக எழுதியிருக்கிறார். பத்திரிகையிலும் இந்தப் பேச்சு வந்தது.

வரைபடத்தை விரித்துப் பாருங்கள். பிரெஞ்சு கயானாவின் குரூ ஏவுதளமும் நம் பாடாங் செராயும் ஏறக்குறைய ஒரே அட்சரேகை, 5 பாகை சொச்சம். குரூவுக்குக் கிழக்கே திறந்த அட்லாண்டிக். பகாங் கரைக்குக் கிழக்கே தென்சீனக் கடல், அதில் இந்தோனேசியாவின் நத்துனா தீவுகள், அதற்கப்பால் நம் சரவாக். ராக்கெட்டுகள் கிழக்கே பறப்பதுதான் வழக்கம், பூமி சுழலும் வேகம் கிடைக்க. மிதவையில் இறங்கும் கீழ்க்கட்டம் ஏவிய இடத்திலிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளித்தான் வரும். ஜகார்த்தாவிடமும் கூச்சிங்கிடமும் பேசாமல் பகாங்கில் நிலம் பார்ப்பதில் பயன் இல்லை.

9 டிசம்பர்

பேராக் வாசகர் விடவில்லை, கணக்கு கேட்கிறார். தருகிறேன்.

நிலநடுக்கோட்டில் பூமி வினாடிக்கு 465 மீட்டர் வேகத்தில் சுழல்கிறது. புளோரிடாவில் கிட்டத்தட்ட 409. வித்தியாசம் ஐம்பத்துச் சொச்சம். தாழ்ந்த பாதைக்குத் தேவை 7,800 என்னும்போது அது பெரிய லாபம் இல்லை. குரூ சம்பாதித்தது வேறு வகையில்: 35,786 கிலோமீட்டர் உயரத்துச் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே நிற்க வேண்டும். புளோரிடாவிலிருந்து போனால் பாதைச் சாய்வைத் திருத்த வினாடிக்கு 300 மீட்டர் அளவுக்குக் கூடுதல் உந்துதல் வேண்டும், அது செயற்கைக்கோளின் எரிபொருளைத் தின்னும், ஆயுளைக் குறைக்கும். நம் மியாசாட்-1 1996-இல் குரூவிலிருந்து போனதற்கும், 2022-இல் மியாசாட்-3டி போனதற்கும் இதெல்லாம் உதவியது.

இப்போது அந்த உயரத்துச் செயற்கைக்கோளுக்கு வரும் ஆர்டர்கள் குறைந்துகொண்டே வருகின்றன. வாங்குகிறவர்கள் தாழ்ந்த பாதைக்கு மாறுகிறார்கள். ஸ்டார்லிங்க் பாதைகள் பெரும்பாலும் 43, 53 பாகை சாய்ந்தவை, அவற்றுக்கு நிலநடுக்கோடு ஒன்றும் தருவதில்லை. மேலும், கீழ்க்கட்டம் திரும்பி வந்துவிட்டால் கூடுதல் எரிபொருளுக்கு ஆகும் செலவு அற்பம். நம் அட்சரேகைக்கு 1996-இல் இருந்த மதிப்பு இன்று இல்லை. ஏவுதளம் கட்டுவதற்கு வேறு காரணம் இருந்தால் எழுதுங்கள், கேட்கிறேன். இந்தக் காரணத்துக்கு என் ஓட்டு கிடையாது.